மெழுகு கரையாது, உருகும்

கார்த்திகை முடிந்த அடுத்த வாரம் எங்கள் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது. குழாய் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வந்தார். அடியில் குந்தி உட்கார்ந்து, வளைகுழாயைக் கழற்றித் தரையில் தட்டினார். உள்ளேயிருந்து யானைத் தந்தம் மாதிரி வளைந்த வெள்ளைத் துண்டு ஒன்று விழுந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். குழாயின் மரைகூட அதன் முனையில் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது. "என்ன தம்பி, குழாய்க்குள்ள மெழுகுவர்த்தி வார்த்து வச்சிருக்கீங்க?" என்றார்.

வார்த்தது நான்தான். கார்த்திகைக்கு வாங்கிய கண்ணாடிக் கிண்ணங்களில் மெழுகு அடியில் கட்டிப்போய் இருந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "சுடுதண்ணிய ஊத்துங்க தம்பி, கரைஞ்சு ஓடிரும்" என்றார். ஊற்றினேன். ஓடியது. குழாயின் முதல் வளைவு வரைக்கும் ஓடியது.

அக்கா சொன்ன வழி சரி. பிசகு ஒரே ஒரு சொல்லில்தான் இருந்தது: 'கரைஞ்சு'. நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தியைப் பார்த்து 'கரைஞ்சு போச்சு' என்போம், வெயிலில் வளைந்ததைப் பார்த்தும் அதையே சொல்வோம். பேச்சில் இது குற்றமே இல்லை. ஆனால் மெழுகுவர்த்தி ஸ்டாண்டில் ஒட்டிய மெழுகை எடுக்க உட்காரும்போது கரைவது எது, உருகுவது எது என்ற வித்தியாசம் தெரியாவிட்டால் புளி, சோப்பு, கத்தி, நெருப்பு என்று ஒவ்வொன்றாக முயன்று, கடைசியில் பாத்திரம்தான் பாழாகும்.

ஸ்டாண்டு என்றதும் கடையில் விற்கும் அழகான பொருளை மட்டும் நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு, டெல்டாவில் எத்தனையோ ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. அப்போது கவிழ்த்த டம்ளர், கொட்டாங்குச்சி, சோடா மூடி, ஜன்னல் திட்டு, அம்மியின் ஓரம் எல்லாமே மெழுகுவர்த்தி ஸ்டாண்டுதான். எங்கள் அத்தை வீட்டு ஜன்னல் திட்டில் அந்த வருஷத்து மெழுகு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

காபியில் சர்க்கரை, ரசத்தில் நெய்

டிகிரி காபியில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், ஆனால் காபியின் ஒவ்வொரு சொட்டிலும் இருக்கும். காபி ஆறிப்போனாலும் சர்க்கரை திரும்பி வந்து மேலே மிதக்காது. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் இப்படிப் பரவிக் கலந்துபோவதுதான் கரைதல். கரைத்துக்கொள்ளும் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். இங்கே கரைப்பான் தண்ணீர்.

அடுத்து, சூடான ரசத்தில் ஒரு கரண்டி உறைந்த நெய்யை விடுங்கள். நெய்யும் கட்டியாக நிற்காமல் மறைந்துவிடும். ஆனால் குனிந்து பாருங்கள், மஞ்சள் வட்டங்களாக மேலேயே மிதந்துகொண்டிருக்கும். ரசம் ஆறட்டும். மார்கழிக் காலை என்றால், அந்த வட்டங்கள் வெளுத்துத் திரும்பவும் கட்டி தட்டும். ரசத்துக்குள் நெய் போகவே இல்லை; சூட்டில் கட்டி திரவமானது, ஆறியதும் திரவம் கட்டியானது, அவ்வளவுதான். இதுதான் உருகுதல். எந்தச் சூட்டில் ஒரு பொருள் உருகுகிறதோ அது அதன் உருகுநிலை. தேங்காய் எண்ணெயின் உருகுநிலை ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ். அதனால்தான் மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்து நின்று, நம்மை வெந்நீர்ச் சொம்பு தேட வைக்கிறது.

மெழுகு நெய்யின் கட்சி. கடையில் விற்கும் சாதாரண மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின் மெழுகு. அது பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி. இரண்டுமே எவ்வளவு சூடான தண்ணீரிலும் கரையாது. கொதிக்கும் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டாலும் மேலே எண்ணெயாக மிதந்துகொண்டே இருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சர்க்கரை கரைகிறது, நெய் உருகுகிறது, மெழுகும் உருகுகிறது. வெந்நீர் மெழுகைத் தனக்குள் எடுத்துக்கொள்வதில்லை. சூட்டை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. சூடு இறங்கிய இடத்தில் மெழுகு திரும்பக் கட்டியாகிவிடும். எங்கள் வீட்டில் அந்த இடம் சிங்குக்கு அடியில் இருந்த வளைகுழாய்.

மெழுகுக்குள் ஒரு வைக்கோல் போர்

ஏன் தண்ணீர் மெழுகைச் சீண்டுவதில்லை? உள்ளே எட்டிப் பார்க்க ஒரு உவமை போதும்.

அறுவடை முடிந்து களத்தில் நிற்கும் வைக்கோல் போரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் நடுவே பசை கிடையாது. நீளநீளமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து அழுந்தியிருப்பதால்தான் போர் நிற்கிறது. பாரஃபின் மெழுகும் அப்படித்தான். அதன் மூலக்கூறுகள், அதாவது அந்தப் பொருளின் மிகச்சிறிய துணுக்குகள், வைக்கோல் தாள் மாதிரி நீண்ட சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 20 முதல் 40 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும், சுற்றிலும் ஹைட்ரஜன். பக்கத்துச் சங்கிலியோடு இருக்கும் பிடிப்பு மிக மெல்லியது. சூடு ஏறினால் தாள்கள் ஆடத் தொடங்கும், வழுக்கும், போர் சரியும். நாம் அதை மெழுகு உருகியது என்கிறோம்.

எல்லாத் தாளும் ஒரே நீளம் இல்லை என்பது இன்னொரு விஷயம். குட்டைச் சங்கிலிகள் முதலில் நழுவும், நீளமானவை கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் பனிக்கட்டி மாதிரி ஒரே புள்ளியில் மெழுகு உருகாது. முதலில் குழைந்து, அப்புறம் இளகி, பிறகுதான் ஓடும். அக்னி நட்சத்திர வெயிலில் ஜன்னலோரம் வைத்த மெழுகுவர்த்தி உருகாமலே தலை கவிழ்ந்து நிற்பது இதனால்தான்.

இந்தச் சங்கிலிகளுக்குத் தண்ணீரோடு ஒட்டுறவு கிடையாது. தண்ணீரோடு மட்டுமல்ல, புளி எலுமிச்சைப் புளிப்போடும் கிடையாது, சோடாக் காரத்தோடும் கிடையாது. பாரஃபின் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. 1830ஆம் ஆண்டு இதைப் பிரித்தெடுத்த ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் ஃபான் ரைகன்பாக், எதோடும் சேராத அதன் குணத்தைப் பார்த்து, 'ஒட்டுறவு குறைந்தது' என்று பொருள்படும் லத்தீன் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். யாரோடும் ஒட்டாத அந்தச் சரக்கைத்தான் ஸ்டாண்டில் ஒட்டிக்கொண்டது என்று நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் ஏன் ஒட்டுகிறது?

மெழுகு பசை மாதிரி ஒட்டுவதில்லை. மாட்டிக்கொள்கிறது. உருகிய மெழுகு தண்ணீரைப் போல நெகிழ்ந்து, பாத்திரத்தின் மேலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களுக்குள்ளும் பூவேலையின் இடுக்குகளுக்குள்ளும் இறங்கி, அங்கேயே இறுகுகிறது. சேற்றில் நடந்துவிட்டு வந்தால் பித்தவெடிப்புக்குள் சேறு காய்ந்து கிடக்குமே, அதே கதைதான். வழவழப்பான கண்ணாடியில் பிடிமானம் குறைவு, சீக்கிரம் விடும். சித்திர வேலை உள்ள பித்தளையில் பிடிமானம் அதிகம். சுட்ட மண் அகலில் மேற்பரப்பு முழுக்க நுண்துளைகள். மெழுகு உள்ளேயே குடியேறிவிடும்.

இந்தக் குணத்தை வைத்தே கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் பிழைக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்க்கும் முறையில் முதலில் செய்வது மெழுகுச் சிலைதான். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, விரல் நகம், அணிகலன், துணி மடிப்பு வரை மெழுகிலேயே செதுக்குவார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாக அரைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் மேலும் மண் அப்பி, கம்பி கட்டுவார்கள். பிறகு வறட்டி நெருப்பில் சூடேற்றினால், விட்டிருக்கும் துளை வழியாக மெழுகு உருகி வெளியே வடிந்துவிடும். மண்ணுக்குள் சிலையின் வடிவில் வெற்றிடம். அதற்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள்.

ஒட்டிய மெழுகை ஒரு கீறல் விழாமல் வெளியே எடுக்கும் வேலையைச் சோழர் காலத்திலிருந்து தொழிலாகச் செய்து வரும் ஊர் அது. அங்கே யாரும் சுரண்டுவதில்லை, தேய்ப்பதில்லை. சூடேற்றுகிறார்கள், கீழே வழி விடுகிறார்கள், வடிவதை ஒரு பாத்திரத்தில் பிடித்து அடுத்த சிலைக்கு எடுத்து வைக்கிறார்கள். நான் சிங்கில் செய்ததும் இதே வேலைதான். வடிவதைப் பிடிக்கப் பாத்திரம் வைக்க மறந்தேன், குழாயே அச்சாகிவிட்டது.

ஆக, மெழுகை விடுவிக்க இரண்டே வழி. உருக வைத்து ஓட விடலாம், இல்லை சுருங்க வைத்துக் கழன்று விழச் செய்யலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு, அது மிச்சத்துக்கு மட்டும்.

சூட்டு வழி

பித்தளை, எவர்சில்வர், வெள்ளி முலாம் பூசிய ஸ்டாண்டுகளுக்கு இதுதான் சிறந்தது. பலர் பாதி சரியாகச் செய்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் சொதப்புவதால், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஸ்டாண்டு முழுகும் அளவுக்கு ஒரு பழைய அலுமினியச் சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலுக்குத் திரும்ப வராத சட்டியாக இருந்தால் நல்லது. அடியில் ஒரு கந்தல் துணியைப் போட்டு, அதன்மேல் ஸ்டாண்டை வைத்து, மூழ்கத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஏற்றுங்கள். தண்ணீர் கொதிக்க வேண்டாம். 70, 80 டிகிரி போதும்; தெர்மாமீட்டர் தேட வேண்டியதில்லை, அடியில் சிறு குமிழ்கள் கட்டி, மேலே ஆவி நன்றாகப் பறக்கும் நிலை அது. சில நிமிஷத்தில் மெழுகு கண்ணாடி மாதிரி நிறமற்றுப் போகும், விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிளம்பி மேலே வரும். மெழுகு தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் நாம் எதுவும் செய்யாமலே மிதந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இப்போது அடுப்பை அணையுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். இடுக்கியை விட்டு ஸ்டாண்டைத் தூக்கினால் அது எதன் வழியாக மேலே வரும்? மிதக்கும் மெழுகின் வழியாகத்தான். வெளிக்காற்று பட்டதும் முழு ஸ்டாண்டுக்கும் மெல்லிய மெழுகுப் பூச்சு போட்டதாகிவிடும். முன்னே ஒரு மூலையில் இருந்த மெழுகு இப்போது எங்கும் இருக்கும். அதனால் கை வைக்காதீர்கள். சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். காலையில் தண்ணீர்மேல் ஆடை கட்டிய பால் மாதிரி வெள்ளைத் தகடு ஒன்று மூடியிருக்கும். ஓரத்தில் விரலால் அழுத்தினால் உடையும். தகட்டை முதலில் எடுத்துவிட்டு, பிறகு ஸ்டாண்டை எடுங்கள். தண்ணீரை ஒரு துணியில் வடிகட்டி, செடிப் பக்கமாக ஊற்றுங்கள். சிங்கில் வேண்டாம் என்று நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். அகலத் தட்டில் வைத்து, முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு அதைக் கொட்டிவிட்டு நல்ல சூட்டில் உள்ள தண்ணீர் என்று இரண்டு தரமாக ஊற்றினால் போதும். எடுத்தவுடன் கொதிநீரை ஊற்றினால் கண்ணாடியின் உள்பக்கம் விரிந்து வெளிப்பக்கம் அப்படியே நிற்க, நடுவில் விரிசல் விழும். ஊற்றும் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். மெழுகு உருகும்போது நிறையச் சூட்டைக் குடிக்கும். அரை டம்ளர் ஊற்றினால் பாதி வேலையிலேயே தண்ணீர் ஆறிவிடும்.

அடியில் துணி ஒட்டிய ஸ்டாண்டு, மர ஸ்டாண்டு, பசை வைத்துக் கல் பதித்தது, இவற்றைத் தண்ணீரில் முக்கக் கூடாது. தலைமுடி உலர்த்தும் டிரையரைக் காட்டி, இளகும்போதே பழைய துணியில் ஒற்றி எடுக்கலாம். மேஜை விரிப்பில் சொட்டிய மெழுகுக்கும் இதே தத்துவம்தான்: மேலும் கீழும் மளிகைக் கடைத் தாளை வைத்து மிதமான இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால், உருகிய மெழுகைத் தாள் குடித்துக்கொள்ளும்.

குளிர் வழி

நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? ஈரமாக இருக்கும்வரை சேறு விடாது. காய்ந்தால் வெடித்து, லேசாகத் தட்டினாலே பொருக்குப் பொருக்காக விழும். சேறு சுருங்குகிறது, கால் சுருங்கவில்லை. அந்த இழுபறியில் பிடிமானம் விட்டுப்போகிறது. சேற்றில் அது ஈரம் போவதால் நடக்கிறது. மெழுகில் சூடு போவதால் நடக்கிறது. சூடு குறையும்போது பொருள்கள் சிறுப்பதற்கு வெப்பச் சுருக்கம் என்று பெயர்.

கண்ணாடி, பித்தளை, மெழுகு மூன்றுமே குளிரில் சுருங்கும். ஆனால் மெழுகு சுருங்குவது மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. நம் வீட்டுச் சூடு 30 டிகிரி, ஃப்ரீசருக்குள் மைனஸ் 18 என்றால், கிட்டத்தட்ட 50 டிகிரி இறக்கம். கிண்ணம் ஏறக்குறைய இருந்த அளவிலேயே நிற்க, மெழுகு தன் விளிம்பைச் சுவரிலிருந்து இழுத்துக்கொள்ளும். கூடவே குளிரில் மெழுகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுவதால், கீறலுக்குள் மாட்டியிருந்த நுனிகளும் முறியும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்துக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினால், முழுக் காசு மாதிரி 'டொக்'கென்று விழும். விழாவிட்டால் விளிம்பில் ஒரு இடத்தை வெண்ணெய்க் கத்தியின் மொட்டை முனையால் அழுத்துங்கள், மறுபக்கம் எழும்பும்.

மெழுகு சுருங்குவதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஃப்ரீசர்கூடத் தேவையில்லை. மெழுகு ஊற்றிய அகல்விளக்குகள் இப்போது கார்த்திகைக் கடைகளில் கிடைக்கின்றன அல்லவா, அதில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். திரியைச் சுற்றி நடுவில் லேசான குழி இருக்கும். ஊற்றும்போது சமமாகத்தான் ஊற்றினார்கள். திரவ மெழுகு இறுகும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழக்கிறது, அந்த இழப்புதான் நடுவில் குழியாகத் தெரிகிறது.

குளிர் வழிக்கு எல்லை உண்டு. வாய் குறுகி வயிறு பெருத்த பாத்திரத்தில் மெழுகு கழன்றாலும் வெளியே வர வழியில்லை. அதற்குச் சூட்டு வழிதான். ஆளுயரக் குத்துவிளக்கை ஃப்ரீசரில் வைக்க முடியாது. ஒரு பையில் ஐஸ் கட்டியைப் போட்டு மெழுகின்மேல் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கலாம். இன்னொன்று: ஃப்ரீசரில் இருந்து எடுத்த கண்ணாடியைக் கழுவும் அவசரத்தில் உடனே வெந்நீரில் காட்டாதீர்கள். எனக்கு ஒரு ஜோடி உடைந்து இப்போது ஒற்றையாக நிற்கிறது.

சூட்டு வழியும் குளிர் வழியும் எதிரெதிராகத் தோன்றினாலும் வேலை ஒன்றுதான், கீறலுக்குள் இருக்கும் பிடியை விடுவிப்பது. இரண்டிலும் மெழுகு மெழுகாகவே இருக்கிறது, எதிலும் கரையவில்லை.

மிச்சம் இருக்கும் அந்த மங்கல்

கட்டி எல்லாம் போன பிறகும் தொட்டால் வழுக்கும் ஒரு மங்கல் படலம் இருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. சோப்பு பொய்யாகிவிட்டதா என்றால் இல்லை. சோப்புக்குத் திரவ எண்ணெயைச் சின்னச் சின்னச் சொட்டாக உடைத்துச் சூழ்ந்துகொள்ளத்தான் தெரியும். இறுகிய மெழுகு சொட்டாக உடையாது. மெழுகு உருகும் 55 டிகிரித் தண்ணீரிலோ நம் கை தாங்காது. நாம் கை பொறுக்கும் சூட்டில் தேய்ப்பதால்தான் மெழுகு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுபடுகிறது.

இங்கேதான் மூன்றாவது வழி. தண்ணீரில் கரையாத மெழுகு தன் உறவுக்காரர்களிடம் கரையும். மண்ணெண்ணெய் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது, பாரஃபினும் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டுமே கார்பன் சங்கிலிகள். மண்ணெண்ணெயில் குட்டை, மெழுகில் நெட்டை. ஒரே குடும்பம் என்பதால் குட்டைச் சங்கிலிகள் நெட்டைகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிடும். இது நிஜமாகவே கரைதல். ஆனால் நாற்றம் வீட்டை விட்டுப் போகாது, துடைத்த துணி தீப்பிடிக்கும், அதே ஸ்டாண்டில் மறுபடி நெருப்பு வைக்கப் போகிறோம் என்பதால் எனக்கு மண்ணெண்ணெயில் விருப்பமில்லை.

வீட்டிலேயே ஒரு தூரத்து உறவு இருக்கிறது, தேங்காய் எண்ணெய். லேசாகச் சூடாக்கிய எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மங்கல்மேல் தேயுங்கள். மெழுகும் எண்ணெயும் சேர்ந்து குழைந்த ஒரு கலவையாகும். அது இனி இறுகாது. இப்போது சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டால் எண்ணெயோடு சேர்ந்து மெழுகும் போய்விடும். மெழுகோடு நேரடியாகப் பேச முடியாத சோப்புக்கு எண்ணெய் தரகு வேலை பார்க்கிறது. இதே எண்ணெயை மெழுகுவர்த்தி வைப்பதற்கு முன்னாலேயே ஸ்டாண்டில் ஒரு தடவு தடவிவிட்டால், அடுத்த தடவை கட்டி சுலபமாகக் கழன்று வரும்.

புளி, கத்தி, நெருப்பு

பித்தளை என்றாலே நம் கை புளியைத் தேடும். புளி பித்தளையின்மேல் படிந்த கறுப்பைத்தான் எடுக்கும். அந்தக் கறுப்பு, உலோகம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கிய படலம், புளிப்பில் கரைந்துவிடும். மெழுகை அது தொடக்கூட இல்லை. இன்னும் சொன்னால், மெழுகு இருக்கும் இடத்தில் புளி உலோகத்தை எட்டவே முடியாது. மெழுகோடு நாச்சியார்கோவில் விளக்கு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, அது சிறுத்தைப் புலி மாதிரி புள்ளி புள்ளியாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் மெழுகு, பிறகு புளி. வரிசை மாறக் கூடாது.

கத்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கீறலும் அடுத்த மெழுகுக்கு நாமே கட்டிக் கொடுக்கும் வீடு.

நெருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'கேஸ் தீயில நேரா காட்டு, ஓடிரும்' என்று சொல்பவர்கள் உண்டு. மெழுகுவர்த்தியில் எரிவது திரி மட்டுமில்லை, கட்டி மெழுகும் அப்படியே எரிவதில்லை. சூட்டில் திரவமாகி, திரியில் ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. ஸ்டாண்டை நேரடித் தீயில் காட்டினால் மெழுகு உருகுநிலையைத் தாண்டி ஆவியாகும் நிலைக்குப் போகும், ஸ்டாண்டே ஒரு பெரிய திரி ஆகிவிடும். அப்படிப் பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மெழுகு 100 டிகிரிக்கு மிக மேலே இருக்கும், உள்ளே விழும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாக வெடித்து மெழுகைத் தீயோடு தூக்கி வீசும். மூடி போட்டுக் காற்றை அடைப்பதுதான் வழி. தண்ணீருக்குள் வைத்துச் சூடாக்கினால் இந்தப் பயமே இல்லை, ஏனென்றால் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது.

குத்துவிளக்குப் பிசுக்கு வேறு சாதி

இவ்வளவையும் படித்துவிட்டு, பல வருஷமாக நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றிய குத்துவிளக்கை வெந்நீரில் போட்டுவிட்டு, 'ஒன்றும் உருகவில்லையே' என்று கேட்கக் கூடாது. அதில் இருப்பது மெழுகு அல்ல. எண்ணெய், சூட்டிலும் காற்றிலும் மெல்ல மெல்ல மாறி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு புதுப் பொருளாகிவிட்டது. இதைப் பிசினாதல் என்று சொல்லலாம். வைக்கோல் போரில் தாள்கள் சும்மா அழுந்திக் கிடந்தன. இங்கே தாளைத் தாளோடு முடிச்சுப் போட்டாகிவிட்டது. கயிறாகத் திரித்த பிறகு வைக்கோலை உதறினால் உதிருமா? சூடாக்கினால் உருகாது, குளிர வைத்தால் கழலாது. சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்து, காரத்தால் அந்த முடிச்சுகளை அவிழ்த்துத் தேய்க்கத்தான் வேண்டும். அலுமினியத்தில் மட்டும் சலவைச் சோடா வேண்டாம், அரித்துவிடும்.

ஒரே விளக்கில் எண்ணெயும் ஏற்றி மெழுகுவர்த்தியும் நட்டிருந்தால் மெழுகை முதலில் எடுத்துவிட்டுப் பிசுக்குக்குப் போங்கள்.

மண் அகலும் மிச்ச மெழுகும்

மண் அகலில் இறங்கிய மெழுகை முழுசாக எடுக்க முடியாது. வெந்நீரில் போட்டால் மேலே இருப்பது வரும், நுண்துளைக்குள் போனது அங்கேயே இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, மெழுகு ஊற்றவே அந்த அகலை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். துளைகள் மெழுகால் அடைபட்ட அகல் இனி எண்ணெயைக் குடிக்காது, கசியாது என்ற லாபமும் உண்டு.

சேர்ந்த மெழுகை நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன். அதை உருக்க வேண்டுமானால் டப்பாவைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, பஞ்சுத் திரி நட்ட கொட்டாங்குச்சியில் ஊற்றினால், அடுத்த கரண்ட் கட்டுக்கு ஆகும். குழாயிலிருந்து எடுத்த அந்தத் தந்தத்தை மட்டும் உருக்க மனசு வரவில்லை. ஐப்பசி மழையில் எங்கள் கொல்லைப்புற ஜன்னல் கதவு ஈரம் குடித்து ஊதி, மூடினால் திறக்க வராது. அந்தத் துண்டை எடுத்து கதவு உரசும் விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தால், அன்றைக்குச் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது.